உறக்கநிலை

‘உறங்கு’ என்னும் வினைப்பகுதி, மயங்கு மயக்கமானது போல, மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிந்து ‘அம்’ விகுதி ஏற்று ‘உறக்கம்’ ஆகும். ‘நில்’ என்பதிலிருந்து பிறந்த ‘நிலை’ அதனோடு சேர, கணினியின் திரை அணைந்து செயலி ஓய்ந்திருப்பதற்கு ‘உறக்கநிலை’ பெயராயிற்று. இந்நிலையில் சேமிக்கப்படாத ஆவணங்கள் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்திலேயே தங்கியிருக்க, அதைக் காக்கப் பேட்டரி சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருப்பதால், உறக்கத்தை அணைப்பு என்று கொள்வது பிழையாகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் வேளச்சேரியில் நடந்தது போல, நாள்கணக்கில் மின்சாரம் நின்றுபோகுமானால், மூடிவைத்த மடிக்கணினியின் பேட்டரி தீர்ந்து, சேமிக்காமல் எழுதியது ரேமோடு அழிந்துபோகலாம்.

நினைவகத்தின் படியை வட்டில் எழுதிவைத்து மின்சாரத்தை முற்றும் துண்டிக்கும் முறையை ‘ஆழ்துயில்’ எனப் பிரித்து வழங்குவதே தெளிவு. லினக்ஸில் இதற்கு ஸ்வாப் என்னும் வட்டுப் பகுதியில் போதிய இடம் வேண்டும். இதிலும் ஒரு பெருங்கேடு உண்டு: ஆழ்துயிலில் இருக்கும் கணினியின் வட்டை வேறோர் இயங்குதளம் திறந்து எழுதிவிட்டால், பின்னர் விழிக்கும் கணினி தன் நினைவிலுள்ள பழைய கோப்பு அட்டவணையையே மெய்யெனக் கொண்டு அதன்மேல் எழுத, கோப்புகள் சிதைந்துவிடும்; இத்தகைய இழப்பை மீட்பது மிகக் கடினம்.

லினக்ஸ் கணினியை உறக்கத்திலிருந்து எழுப்பிய பின்னும் திரை கறுத்தே இருந்தாலும் கேப்ஸ் லாக் விளக்கு விசைக்கு ஏற்ப மாறுமானால் கணினி பெரும்பாலும் விழித்தே இருக்கிறது என்பதால், பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்கும் முன், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளால் எழுத்துமுனையத்துக்குச் சென்று, ‘சிங்க்’ கட்டளையால் நிலுவையிலுள்ள தரவை வட்டில் எழுதச்செய்ய முயல வேண்டும்.