தொப்பிக்குள் இருந்த எலி

மலர்க் குழு நண்பர் போன் பண்ணி, "வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுப்பா. கம்ப்யூட்டர் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே ஏழு வந்து கிடக்கு" என்றார். நான் நம் கல்லூரியில் படித்தது எலெக்ட்ரிகல். எனக்குத் தெரிந்த வரலாறு மின்சாரத்தின் வரலாறுதான். அதிலும் பாதியை ஒரு எலி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்றால் சிரிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் எட்டு வயது மகள், கதை படித்துக் காட்டாமல் தூங்க மாட்டாள். அப்படிக் கைக்கு வந்த புத்தகம் 'பென் அண்ட் மீ'. ராபர்ட் லாசன் என்ற அமெரிக்கர் 1939-ல் எழுதி, படங்களையும் தானே வரைந்தது. பெஞ்சமின் பிராங்க்ளினின் வாழ்க்கையை ஆமோஸ் என்ற சுண்டெலி தன் வாயால் சொல்கிறது. பிலடெல்பியாவின் கிறிஸ்து ஆலயத்தில் சுவர்ப் பலகைக்குப் பின்னால் குடியிருக்கும் ஏழைக் குடும்பம். 26 பிள்ளைகள். மூத்தவன் ஆமோஸ். பிழைப்பு தேடிக் கிளம்பியவன் பிராங்க்ளினின் உரோமத் தொப்பிக்குள் குடியேறி, அங்கிருந்தே அவர் காதில் யோசனை சொல்கிறான். பிராங்க்ளின் அடுப்புகூட அவன் யோசனைதானாம். "சுட்ட கொட்டை ஒன்றைச் சுற்றி எங்கள் குடும்பமே குளிர்காயும், அதுபோல நெருப்பை அறைக்கு நடுவில் கொண்டு வாருங்கள்" என்கிற மாதிரி. பதிலுக்கு வீட்டுக்குப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் கோதுமையும் வந்து சேர வேண்டும் என்று ஒப்பந்தம். நம்ம ஆள் விவரமானவன்!

லாசன் இதோடு விடவில்லை. கொலம்பஸின் கதையை ஒரு கிளியும் (1941), பால் ரிவியரின் கதையை அவர் குதிரையும் (1953), கடற்கொள்ளைக்காரர் கிட்டின் கதையை ஒரு பூனையும் (1956) சொல்வதாக எழுதினார். எனக்கு எலிதான் உசத்தி.

நிஜ அடுப்பைப் பற்றி பிராங்க்ளின் 1744-ல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். பென்சில்வேனியா ஆளுநர் பேடண்ட் தருகிறேன் என்றபோது வேண்டாமென்று சொல்லிவிட்டார். டிசைனில் கோளாறு இருந்தது வேறு விஷயம். புகை முதலில் கீழே இறங்கி, பிறகு புகைபோக்கியில் ஏற வேண்டும். சூடு பிடிக்காவிட்டால் அது எங்கே ஏறும்?

கதையில் பட்டம் விடும் கட்டம் வந்தது. பிராங்க்ளின் ஆமோஸை நைசாகப் பட்டத்தில் ஏற்றி அனுப்புகிறார். இடி, மின்னல். இறக்கச் சொல்லி எலி மன்றாடியும் மனிதர் இறக்கவில்லை. கோபித்துக்கொண்டு ஆமோஸ் பிரிந்தே போய்விடுகிறான். மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, நிஜத்துல எலிக்குப் பதிலா யாரு இருந்தாங்க?"

நல்ல கேள்வி. விடை தெரியவில்லை. மறுநாள் தேட ஆரம்பித்தேன்.

1752 ஜூனில் பட்டம் விட்டபோது கூட இருந்தவர் பிராங்க்ளினின் மகன் வில்லியம். இருபது வயதைத் தாண்டிய வாலிபர். ஆனால் 1876-ல் கரியர் அண்ட் ஐவ்ஸ் அச்சிட்ட பிரபலமான படத்தில் அவர் சின்னப் பையன்! பட்டத்தின் மேல் மின்னல் நேராக விழவும் இல்லை. மேகத்தின் மின்னூட்டம் ஈரக் கயிறு வழியாகச் சாவிக்கு வந்தது, அவ்வளவுதான். நேராக விழுந்திருந்தால் அப்பாவும் இல்லை, பிள்ளையும் இல்லை. 1753-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதே வகைச் சோதனையில் ரிச்மன் என்ற பேராசிரியர் மின்னல் தாக்கி இறந்தார்.

இதற்கெல்லாம் முன்பே, 1752 மே 10 அன்று பிரான்சில் மார்லி கிராமத்தில் பிராங்க்ளினின் யோசனைப்படி உயரமான இரும்புக் கம்பி நட்டு, இடிமேகத்திலிருந்து தீப்பொறி எடுத்துவிட்டார்கள். செய்தவர் டாலிபார் என்று நாம் படிக்கிறோம். அன்றைக்கு டாலிபார் ஊரிலேயே இல்லை! கம்பிக்குப் பக்கத்தில் நின்று பொறியை இழுத்தவர் குவாஃபியே என்ற ஓய்வுபெற்ற படைவீரர். காவலுக்கு வைத்திருந்த ஆள். அவர்தான் உள்ளூர்ப் பாதிரியாருக்கு ஆளனுப்பினார். பாதிரியாரும் ஓடி வந்து செய்து பார்த்தார். மூன்று நாள் கழித்து டாலிபார் பாரிசில் அகாடமிக்கு அறிக்கை வாசித்தார்.

எலி கிடைத்துவிட்டது என்று மகளிடம் சொன்னேன்.

பிராங்க்ளின் விஷயம் கொஞ்சம் வேறு. கூர்முனைக்கு மின்னூட்டத்தை வெளியேற்றும் சக்தி உண்டு என்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் அவர் நண்பர் தாமஸ் ஹாப்கின்சன். பிராங்க்ளினின் இடிதாங்கி யோசனைக்கு உயிரே அந்தக் கூர்முனைதானே. அச்சான தன் மின்சாரக் கடிதங்களில் பிராங்க்ளின் அதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். நான்கு வருடம் எலெக்ட்ரிகல் படித்த எனக்கு அந்தப் பெயர் தெரியாமல் போனது அவர் குற்றமில்லை.

இந்த இடத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. காரணம் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு தொழிற்சாலையில் ஒவ்வொரு மழைக்காலமும் இடி இடித்தால் கண்ட்ரோல் பேனலில் கார்டுகள் போய்விடும. நான் டிராயிங்கை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்த எலெக்ட்ரீஷியன், ஐம்பதைத் தாண்டியவர், "சார், பேப்பரை விடுங்க, பிட்டைத் தோண்டுவோம்" என்றார். தோண்டினோம். இடிதாங்கியின் எர்த் பிட்டில் மேலே பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. கீழே பைப் அரித்துப் போய் மண்ணோடு தொடர்பே இல்லை. கரியும் உப்பும் போட்டது எந்தக் காலத்திலோ. ரிப்போர்ட் நான் எழுதினேன். "ஆய்வு செய்ததில் கண்டறியப்பட்டது" என்று எழுதினேன். யார் கண்டறிந்தது என்று எழுதவில்லை. கீழே என் கையெழுத்து மட்டும். அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் அதே பதவியில் ஓய்வு பெற்றார்.

ஆமோஸாவது முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டான்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, பழைய நண்பர் ஒருவரிடம் நம்பர் வாங்கி அவருக்குப் போன் செய்தேன். அடையாளம் சொன்னதும், "அட, நீங்களா! நல்லா இருக்கீங்களா தம்பி?" என்றார். அப்போது சார், இப்போது தம்பி. சந்தோஷமாக இருந்தது. ரிப்போர்ட் விஷயத்தைச் சொல்லி, எங்கள் காலேஜ் மலரில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பேரெல்லாம் எதுக்கு தம்பி, வேணாம்" என்றார். பிறகு, "அந்தப் பிட்டுல வருஷா வருஷம் தண்ணி ஊத்தச் சொல்லி எழுதியிருந்தீங்களே, ஊத்துறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.