மதுரைக்கு வந்த ஆறு சிலிண்டர்

அமெரிக்கக் கார் என்றதும் பழைய சினிமாவில் பங்களா வாசலில் வந்து நிற்கும் ஜமீன்தாரின் வண்டிதான் நம் கண்முன் வரும். ஆனால் மதுரைச் சீமையில் அமெரிக்க மோட்டார் செய்த பெரிய காரியம் ஜமீன்தாரைச் சுமந்ததன்று. மல்லிகைக் கூடையோடு பட்டணத்துக்கு வந்த கிராமத்துக் கிழவியைச் சுமந்ததுதான்.

1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாயில் தொழிற்சாலை வைத்து, கப்பலில் வந்த உறுப்புகளைப் பூட்டிச் செவர்லே வண்டிகளை விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மாடலில் புதிய எஞ்சின் வந்தது. போட்டியாளரான போர்டு நாலு சிலிண்டரும் 40 குதிரைச் சக்தியும் கொடுத்துக்கொண்டிருக்க, செவர்லே ஏறக்குறைய அந்த விலைக்கே ஆறு சிலிண்டரும் 46 குதிரைச் சக்தியும் கொடுத்தது. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். ஆறு சிலிண்டர் மூன்று முறை. ஆகையால் உதறல் குறைவு. மெதுவாகப் போனாலும் இழுப்பு விடாது. குறையும் உண்டு. அடியில் இருக்கும் எண்ணெயைச் சிறு கரண்டிகள் மொண்டு வீசித்தான் பேரிங்குகளை நனைத்தன. பந்தயக் குதிரை போல் ஓயாமல் விரட்டினால் பேரிங் வெந்துவிடும். ஆனால் நம் ரஸ்தாவில் யார் விரட்ட முடியும்? முன்னால் பருத்தி வண்டி, பின்னால் ஆட்டு மந்தை!

அமெரிக்காவில் அதன் விலை 525 டாலரிலிருந்து. அன்றைய கணக்கில் சுமார் 1,440 ரூபாய். கப்பல் கூலியும் சுங்கமும் வேறு. அங்கே தொழிலாளிக்குக் கட்டுபடியான வண்டி, இங்கே பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பல வருஷச் சம்பளம். மலிவு என்ற சொல்லுக்கு நம் ஊரில் வேறு பொருள் வேண்டியிருந்தது. முழு வண்டியை வாங்க முடியாதவன், ஒரு இருக்கையை இரண்டு மணி நேரத்துக்கு வாங்கலாம் அல்லவா?

அந்த வியாபாரத்தை மதுரையில் முன்பே கண்டுகொண்டவர் திருக்குறுங்குடிக்காரரான டி.வி. சுந்தரம் அய்யங்கார். 1911-இல் தொடங்கிய அவருடைய கம்பெனி பஸ் நடத்தியது. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையும் விற்றது. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தினார்கள் என்பது மதுரையில் இன்றும் வழங்கும் பேச்சு. காருக்கு வந்த ஆறு சிலிண்டர் எஞ்சினே செவர்லே லாரிக்கும் வந்தது. அந்தச் சட்டத்தின்மேல் மரக்கூடு கட்டினால் பஸ். தென்னாட்டு முதலாளிகள் பலர் அப்படித்தான் கட்டி ஓட்டினார்கள். ஆஸ்பத்திரி, கச்சேரி, கல்லூரி எல்லாம் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்கு வந்துவிட்டன.

இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. பஸ்ஸின் பின்புறம் கரி அடுப்பு ஏறியது. டி.வி.எஸ்.ஸும் அந்தக் கரிவாயு யந்திரங்களைச் செய்தது. கரியைக் குறைந்த காற்றில் எரித்து வரும் வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன்; எஞ்சினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். ஏற்றத்தில் பிரயாணிகள் இறங்கி நடந்ததும் உண்டு. டிக்கெட்டில் கழிவு கிடைத்ததாகத் தெரியவில்லை!

பம்பாய்த் தொழிற்சாலை 1954-இல் மூடப்பட்டது. பத்து வருஷம் கழித்து அதே கம்பெனி அமெரிக்காவில் பான்டியாக் ஜி.டி.ஓ. என்ற வண்டியை விட்டது: மூவாயிரம் டாலருக்கு உட்பட்ட விலை, 325 குதிரைச் சக்தி. வாலிபர்கள் வாங்கக்கூடிய விலையில் அசுர பலம். மஸில் கார் யுகம் பிறந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த நம் நாட்டில் அது எட்டாக் கனி. அந்த வருஷம் மாசி வீதிகளில் ஓடிய அம்பாஸிடருக்கு ஐம்பதைச் சற்றே தாண்டிய குதிரைச் சக்தி. 1929 செவர்லேயைவிட ஒரு கைப்பிடிதான் கூடுதல்.