மயக்க டாக்டர் வந்த வழி

திருமங்கலம் மாதிரி ஊர்களில் நள்ளிரவில் சிசேரியன்தான் என்று முடிவாகிவிட்டால், கத்தி பிடிப்பவரைப் பற்றிய பேச்சுக்கு முன் ஒரு கேள்வி வரும்: "மயக்க டாக்டர் இருக்காரா?" இல்லையென்றால் ஆம்புலன்ஸ் சுமார் 20 கிலோமீட்டர் ஓடி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்து ஒருபோதும் இப்படிக் காக்க வைத்ததில்லை. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து மயக்கிக் காட்டினார். 1847 மார்ச் 22 அன்று அது கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயன்பட்டது. 1847 நவம்பரில் எடின்பரோவில் அறிமுகமான குளோரோஃபார்ம், அடுத்த ஜனவரியில் கல்கத்தா வந்துவிட்டது. கப்பல் வேகம்தான். ஆனால் அதைத் துணியில் சொட்டுச் சொட்டாக விட்டவர் பெரும்பாலும் கைக்குக் கிடைத்த உதவியாளர்; அதையே தொழிலாகக் கற்றவர் அல்லர்.

குளோரோஃபார்ம் சிலரை மேசையிலேயே கொன்றது. நாடியைப் பார்ப்பதா, மூச்சைப் பார்ப்பதா என்ற சண்டை ஹைதராபாத்தில் உச்சம் கண்டது. ரெசிடென்சி சர்ஜன் எட்வர்ட் லாரி மூச்சின் கட்சி. நிஜாம் பணம் கொடுக்க, 1888இலும் 1889இலும் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்கள் நடந்தன. மூச்சுதான் முதலில் நிற்கும், இதயம் பிறகே என்பது தீர்ப்பு. அது பிழை: லேசான மயக்கத்திலும் குளோரோஃபார்ம் இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்தக்கூடும் என்று லெவி என்ற ஆய்வாளர் 1911இல் காட்டினார். ஆனாலும் லாரிக்கு ஒரு பெருமை மிஞ்சுகிறது. அவரிடம் படித்த ரூபாபாய் பர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராக எண்ணப்படுகிறார்.

ஆனால் மயக்கத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கான இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1947இல்தான் பிறந்தது. மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் வந்தது. முதலில் சொன்ன பெரியாஸ்பத்திரி, அதனோடு இணைந்த ராஜாஜி மருத்துவமனைதான். இன்று எம்.டி. மயக்கவியல் மூன்றாண்டுப் படிப்பு.

அந்த மூன்றாண்டில் பெரும்பகுதி கைப்பழக்கம். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட, கர்ப்பிணியை உட்கார வைத்து முதுகை வளைக்கச் சொல்லி, இடுப்பெலும்பின் உச்சியை விரலால் தடவி அந்த மட்டத்தில் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பிடிக்க வேண்டும். மெல்லிய ஊசி உள்ளே போகும். உட்கம்பியை உருவினால் தெளிந்த நீர் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். அப்புறம்தான் சுமார் 2 மில்லி மருந்து. ஊசி போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர் இன்னும் கற்கவில்லை. சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரியக்கூடும். கண் மானிட்டரை விட்டு விலகக் கூடாது.

ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே 18 வார உயிர்காக்கும் மயக்கப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. குறுக்குவழி என்று சிலர் முகம் சுளித்தார்கள். ரத்தப்போக்கோடு வரும் தாய்க்கு மூன்றாண்டுப் படிப்பு முடியும்வரை பொறுக்க முடியாதே!

2020 செப்டம்பரில் வந்த விதி, ஒவ்வொரு பி.ஜி. மாணவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்றது. அந்த மருத்துவமனையில் 100 படுக்கையாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு 2023இல் 50 ஆகக் குறைந்தது. அந்த மூன்று மாதத்தை மயக்கவியல் மாணவர்கள் திருமங்கலம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் கழிக்கும்படி ஒதுக்குவதே சரி.