துப்பாக்கி தானாக வெடிப்பதில்லை

வைகாசி கருட சேவையன்று சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது. இருட்டு பிரியும் முன்பே வரதராஜப் பெருமாள் கோயில் கோபுர வாசலில் கூட்டம் நெருக்கியடிக்கும். குடைகள் பெருமாளை ஒரு கணம் மறைத்து விலகும் தொட்டாச்சாரியார் சேவையைப் பார்க்கச் சோளிங்கரிலிருந்தெல்லாம் வந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் துப்பாக்கியோடு காவலர் நிற்பதும் திருவிழாக் காட்சியில் ஒன்றாகிவிட்டது. எல்லோர் கண்ணும் கருடன் மேல் இருக்கும். அந்தத் துப்பாக்கியின் குழல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, உள்ளே தோட்டா ஏறியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய பொறுப்பும் அவர்களுடையது அல்ல. அதற்கென்று நூற்றறுபது ஆண்டுகளாக ஒரு நடைமுறை இருக்கிறது.

அந்த நடைமுறை எதற்காகப் பிறந்தது என்பதுதான் சிக்கல்.

1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சீருடைப் போலீசைக் கொடுத்தது. அதுவரை ஊர்க்காவலைப் பார்த்துவந்த தலையாரிகளுக்கும் காவல்காரர்களுக்கும் மேலாக, மாகாணம் முழுவதற்கும் ஒரே இன்ஸ்பெக்டர் ஜெனரலின் கீழ் ஒரு படை உருவானது. முதலில் அந்தப் பதவியில் அமர்ந்தவர் வில்லியம் ராபின்சன். செங்கல்பட்டு ஜில்லாவின் தாலுகா ஊராக இருந்த காஞ்சிபுரமும் அந்த ஆட்சிக்குள் வந்தது. 1861-இல் இந்தியாவின் பிற பகுதிகளுக்கு வந்த போலீஸ் சட்டத்துக்கு முன்னோடி இதுதான். தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் இது இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது.

சட்டம் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1857 கிளர்ச்சி அப்போதுதான் அடங்கியிருந்தது. இந்தியர் கையில் நல்ல துப்பாக்கியைக் கொடுக்க ஆங்கிலேயர் அஞ்சினார்கள். ராணுவத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கிடைத்த ஆயுதம் இந்தியச் சிப்பாய்க்கு உடனே கிடைக்கவில்லை. போலீஸ்காரருக்கு அதனினும் மட்டமானது கிடைத்தது. குழலுக்குள் வரிப்பள்ளம் இல்லாத மஸ்கெட்டுகள் நெடுங்காலம் போலீஸ் தோளில் தொங்கின. இருபதாம் நூற்றாண்டில்கூட, 303 லீ என்ஃபீல்டு ரைபிளின் குழலைக் குடைந்து பெரிதாக்கி, தூரத்துக்குப் பாயாத 410 மஸ்கெட்டாக மாற்றி, போலீசுக்கும் சிறைக்காவலுக்கும் கொடுத்தார்கள். எதிரி கையில் சிக்கினாலும் ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுட முடியாது என்பது அதில் ஒரு கணக்கு.

ஆகவே துப்பாக்கி தொடர்பான ஒழுங்கு முழுவதும் ஒரே அச்சத்தைச் சுற்றி வளர்ந்தது: ஆயுதம் காணாமல் போகக் கூடாது. ஸ்டேஷனில் 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' எனப்படும் பூட்டிய ஆயுத அறை. பாரா மாறும்போது துப்பாக்கியையும் ரவுண்டுகளையும் எண்ணி ஒப்படைக்கும் வழக்கம். சுட்டால், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடிக்க வேண்டும். பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத் தறிக்காரரிடம் கொடுத்து, நெய்த சேலையை எடை போட்டு வாங்கும் காஞ்சிபுரத்து முதலாளியின் கணக்குக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. ஒரு ரவுண்டு குறைந்தால் ஸ்டேஷனே தலைகீழாகும். ஆனால் அந்த ரவுண்டு எங்கே போய் எதில் பட்டது, அதற்கு யார் பதில் சொல்வது என்பதற்கு இதே அளவு கண்டிப்பான ஒரு பதிவேடு அன்று உருவாகவில்லை. அந்தக் குறையைத்தான் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

குற்றவியல் சட்டம் இதை அறியாமல் இல்லை. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 80-ஆம் பிரிவில், உரிய கவனத்தோடு செய்த சட்டபூர்வமான செயலில் நேரும் விபத்து குற்றமாகாது என்றது. அதற்கு அது தரும் உதாரணம் கோடரி: ஒருவர் கோடரியால் வேலை செய்கிறார், அதன் தலை கழன்று பறந்து பக்கத்தில் நின்றவரைக் கொல்கிறது, அவரிடம் கவனக்குறைவு இல்லாவிட்டால் மன்னிக்கலாம். விதிவிலக்கின் உயிர் அந்த நிபந்தனையில் இருக்கிறது. கவனக்குறைவு இருந்திருந்தால்? அந்த மரணத்துக்கென்று தனிப் பிரிவு அப்போது சட்டத்தில் இல்லை. மெக்காலேயின் 1837 வரைவில் இருந்தது 1860-இல் விடுபட்டுப் போனது. பத்தாண்டு கழித்து, 1870-இல்தான் 304ஏ சேர்க்கப்பட்டது. அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியிருக்கிறது.

'கை தவறி வெடித்துவிட்டது' என்று சொல்லும்போது உண்மையில் என்ன நடக்கிறது? பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். தோட்டாக்கள் அடுக்கிய மேகசின் கைப்பிடிக்குள் இருக்கும்; அதிலிருந்து ஒன்று மட்டும் குழலின் பின்னாலுள்ள அறைக்கு ஏறியிருக்கும். மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று கை நம்பும். அறைக்குள் ஒரு தோட்டா காத்திருக்கும். வரிசை மாறினாலும் ஆபத்துதான்: மேகசினைக் கழற்றாமல் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தால் உள்ளே இருந்தது வெளியே விழும், அடுத்தது அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும். அதனால்தான் முதலில் மேகசின், பிறகு மேல்பகுதியை இழுத்து அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிப்பது, அதுவரை விசைமேல் விரல் வைக்காமலிருப்பது, குழல் எப்போதும் ஆளில்லாத பக்கம் இருப்பது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பல நாட்டுப் போலீஸ் பயன்படுத்தும் க்ளாக் பிஸ்டலில் கட்டைவிரலால் தள்ளும் பூட்டு கிடையாது. சுத்தம் செய்யப் பிரிப்பதற்கே ஒருமுறை விசையை அழுத்தியாக வேண்டும். அப்படிப்பட்ட ஆயுதத்தில் பழக்கம் ஒன்றே பாதுகாப்பு. நல்ல நிலையில் உள்ள துப்பாக்கி ஒருவரைக் காயப்படுத்த, பெரும்பாலும் இந்த விதிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் மீறப்பட்டிருக்க வேண்டும். குழல் தரையைப் பார்த்திருந்தால் கை தவறினாலும் தரைதான் குழியாகும்.

2014 ஜனவரி 7 அன்று நீலாங்கரை காவல் நிலையத்தில் குழல் தரையைப் பார்க்கவில்லை. நீலாங்கரை அன்றைக்குச் சென்னை மாநகரப் போலீசின் கீழ் இருந்தாலும், வருவாய்க் கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சோழிங்கநல்லூர் தாலுகாவைச் சேர்ந்தது. திருட்டு வழக்கு விசாரணைக்கென்று அழைத்து வரப்பட்ட 15 வயதுச் சிறுவனின் கழுத்தில், இன்ஸ்பெக்டரின் துப்பாக்கியிலிருந்து குண்டு பாய்ந்தது. தவறுதலாக வெடித்தது என்பது காவல்துறை தரப்பின் விளக்கம். மிரட்டுவதற்காக வாயில் வைத்தபோது வெடித்தது என்றனர் சிறுவனின் குடும்பத்தார். அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுவன் பிழைத்தான். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். இரண்டு விளக்கங்களில் எதை ஏற்றாலும், ஒரு சிறுவனை விசாரிக்கும் அறையில் தோட்டா ஏற்றிய துப்பாக்கிக்கு என்ன வேலை என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்கு விபத்து என்ற பதில் போதாது.

இன்னொரு வழக்கில் பலியானவரே போலீஸ். 2017 நவம்பரில் சென்னை கொளத்தூரில் ஒரு நகைக்கடையில் கொள்ளை நடந்தது. கொள்ளையரைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குத் தமிழகத் தனிப்படை போனது. டிசம்பர் 13 அதிகாலை, ஒரு சுண்ணாம்புச் சூளையில் நடந்த தேடுதலில் மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் சுடப்பட்டு இறந்தார். கொள்ளையர் சுட்டதாகவே முதலில் செய்தி வந்தது. தமிழ்நாடே கலங்கியது. சில நாட்களில் ராஜஸ்தான் போலீசின் விசாரணை வேறொன்றைச் சொன்னது: அவர் உடலில் பாய்ந்த குண்டு, உடன் சென்ற மற்றொரு இன்ஸ்பெக்டரின் பிஸ்டலிலிருந்து வந்தது. அந்த இன்ஸ்பெக்டர்மேல் 304ஏ பிரிவில் வழக்குப் பதிவானது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது விசாரித்தது யார் என்பதே. சம்பவம் ராஜஸ்தானில் நடந்ததால், இறந்தவரோடும் சுட்டவரோடும் ஒரே துறையில் வேலை செய்யாதவர்கள் விசாரித்தார்கள். தோட்டாவையும் துப்பாக்கியையும் ஒப்பிட்டு, கலங்கியிருந்த மக்களுக்கும் துறைக்கும் பிடிக்காத ஒரு முடிவைச் சொல்ல அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. உள்ளூரிலேயே நடந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வெளிவந்திருக்குமா என்று கேட்பது தமிழகப் போலீசை அவமதிப்பதாகாது. தன் வீட்டு விஷயத்தைத் தானே விசாரிக்கும் எந்த அமைப்புக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

காவல் நிலையத்தைத் தாண்டினால் சுடும் தளங்கள் இருக்கின்றன. அவற்றால் வரும் துயரம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். சிங்கப்பெருமாள்கோவிலை அடுத்த அனுமந்தபுரம், அகோர வீரபத்திரர் கோயிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பக்கத்துக் காட்டுப் பகுதியில் ராணுவமும் மத்தியப் படைகளும் மாநிலப் போலீசும் சுடும் பயிற்சி நடத்துகின்றன. இப்படிப்பட்ட தளங்களில் ராணுவம் நடத்தும் பயிற்சிக்கு 1938-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. எந்த நிலம் என்று அரசிதழில் அறிவிக்க வேண்டும். சுடும் நேரத்தில் ஆபத்துப் பகுதியிலிருந்து மக்களை விலக்கி வைக்கலாம். சேதத்துக்கு இழப்பீடு தர வேண்டும். குண்டு போகும் திசையில் வாழ்கிறவரை மனதில் வைத்து எழுதிய சட்டம் என்ற வகையில், 1859-ஐவிட இது ஒரு படி மேல். ஆனால் வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டுகளும், பித்தளைக்கும் இரும்புக்குமாக அவற்றைப் பொறுக்கும் ஏழைகளும் அந்தப் பக்கத்துக் கதையில் தொடர்ந்து வருகிறார்கள். 2019 ஆகஸ்டில், திருப்போரூரை அடுத்த மானாமதியில், கோயில் குளத்தில் கிடைத்த ஒரு பொருள் வெடித்து இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். அந்த நவம்பரில்தான் இந்த ஊர்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போயின.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையை அடுத்த பசுமலைப்பட்டியில் நடந்ததை மறக்க முடியாது. 2021 டிசம்பர் 30 காலை, அங்குள்ள சுடும் தளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். தளம் மூடப்பட்டது, துப்பாக்கிகள் தடயவியல் சோதனைக்குப் போயின, முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ரைபிள் குண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் பறக்கும் என்பது, 303 வந்த நாளிலிருந்தே படைகளுக்குத் தெரிந்த சங்கதி. தளத்தின் பின்னால் மண்மேடு எவ்வளவு உயரம், எந்தத் துப்பாக்கிக்கு அந்தத் தளம் தாங்கும், வீடுகள் எவ்வளவு நெருங்கி வந்துவிட்டன என்று ஆண்டுதோறும் அளந்து ஊராரிடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை. சுட்டவர் மட்டுமல்ல, அந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்துவந்த ஒவ்வொரு கையெழுத்தும் இதில் பொறுப்பாளி.

கவனக்குறைவு ஆயுதம் தாங்கியவரையும் விடுவதில்லை. 2024 மே மாதம் கல்பாக்கத்தில், அதே மத்தியப் படையின் வீரர் ஒருவர் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய துப்பாக்கி வெடித்தே இறந்தார். வேகத்தடையில் பேருந்து குலுங்கியபோது வெடித்ததாகச் செய்தி. பாதுகாப்பு விதிகள் போலீசுக்கு எதிரானவை என்று நினைப்பவர்கள் அந்தக் குடும்பத்தை நினைத்துப் பார்க்கலாம்.

வெளிநாடுகளில் இதை எப்படி அணுகுகிறார்கள்? பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாயின் துப்பாக்கி கவனக்குறைவால் வெடித்தால், யார்மேலும் படாவிட்டாலும் அது குற்றம். அபராதம் கட்ட வேண்டும். யாராவது சாகும்வரை காத்திருப்பதில்லை. நியூயார்க்கில் 2014 நவம்பர் 20 இரவு, புரூக்ளின் குடியிருப்பு ஒன்றின் இருண்ட மாடிப்படியில், பீட்டர் லியாங் என்ற புதிய காவலரின் பிஸ்டல் வெடித்தது. சுவரில் பட்டுத் திரும்பிய குண்டு, கீழே நின்ற அகாய் கர்லி என்பவரைக் கொன்றது. அன்றைக்கு அங்குள்ள போலீஸ் பிஸ்டலின் விசையை இழுக்க 5 கிலோவுக்கு மேல் பலம் வேண்டியிருந்தது. ஜூரிகள் அந்தத் துப்பாக்கியை வாங்கித் தாங்களே விசையை அழுத்திப் பார்த்தார்கள். 2016 பிப்ரவரியில் குற்றவாளி என்றார்கள். நீதிபதி அந்தக் குற்றத்தைக் கவனக்குறைவான கொலையாகக் குறைத்து, சிறை இல்லாமல் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 800 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தார். தண்டனை குறைவு என்று சிலரும், அவர் பலிகடா என்று சிலரும் தெருவில் இறங்கினார்கள். எப்படியானாலும், விசையை அழுத்திய விரலைப் பற்றிய உண்மை எல்லோர் முன்னிலையிலும் பேசப்பட்டது.

நம்மிடம் அப்படி ஒரு மேடை இருக்க வேண்டும் என்று 2006 செப்டம்பர் 22 அன்று, பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல்துறைக்கு எதிரான புகார்களைக் கேட்க, ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் ஆணையங்கள் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளியின் மகன் காவலரின் துப்பாக்கியால் காயம்பட்டால், அவருடைய தந்தை போய் நிற்க வேண்டிய குழுவில், அந்தத் துப்பாக்கியை வழங்கிய மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளரும் ஓர் உறுப்பினர்.