புல்லட் (வார்ப்பிரும்புப் பொறி வகை)

புல்லட் என்பது ராயல் என்ஃபீல்ட் நிறுவனத்தின் ஒற்றை உருளை, நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள் ஆகும். இப்பெயர் 1932ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. வார்ப்பிரும்பு உருளை கொண்ட இதன் 350 வகை சென்னையில் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டது. பழைய வண்டிகளை விரும்புவோர் இன்றும் இதனைப் பேணி ஓட்டி வருகின்றனர்.

வரலாறு

1950களின் தொடக்கத்தில் இந்தியப் படைத்துறைக்காக இவ்வண்டி இறக்குமதி செய்யப்பட்டது. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த தாய் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் இணைந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. இதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. இங்கிலாந்தில் உற்பத்தி 1970இல் நின்றுபோனது. 1977 முதல் சென்னை வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. 2010 அளவில் மாசு விதிகளுக்கு ஏற்ற புதிய பொறி வார்ப்பிரும்புப் பொறியின் இடத்தைப் பெற்றது.

பொறியும் ஒலியும்

உருளையின் விட்டம் 70 மி.மீ., வீச்சு நீளம் 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ. ஆகும். நீண்ட வீச்சும் கனமான சமன்சக்கரமும் பொறியை மெதுவாகச் சுழலச் செய்கின்றன. இரு சுற்றுக்கு ஒருமுறையே எரிதல் நிகழ்வதால் ஒவ்வொரு துடிப்பும் தனித்துக் கேட்கிறது. புல்லட்டின் புகழ்பெற்ற ஒலிக்கு இதுவே காரணம்.

ஓட்டும் முறை

பழைய வண்டிகளில் கியர் வலக்காலிலும் பின் பிரேக் இடக்காலிலும் உள்ளன. முதல் கியர் மேல்நோக்கியும் ஏனையவை கீழ்நோக்கியும் இடப்படும். புதிய வண்டிக்குப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என எண்ணிக் கியரை மிதித்துவிடக்கூடும்.

கிக்கரை மெதுவாக அழுத்தும்போது அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று பொருள். அப்போது டிகம்ப்ரசர் நெம்பைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே உச்சி கடத்தி, நெம்பை விட்டபின் முழுமையாக உதைக்க வேண்டும். இம்முறை தவறினாலோ, தீப்பொறி உரிய நேரத்துக்கு முன்பே விழுந்தாலோ கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைக் காயப்படுத்தும்.

பராமரிப்பு

இவ்வண்டியில் உரிமையாளரே செய்யக்கூடிய பணிகள் பல. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். பொறி குளிர்ந்திருக்கையில் டேப்பெட் தண்டு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. எண்ணெய்க் கசிவு, அதிர்வால் தளரும் திருகுகள், வலுக் குறைந்த டிரம் பிரேக் ஆகியவை இதன் குறைகள். எனினும், கோளாற்றை ஒலியால் அறிந்து சாதாரணக் கருவிகளால் சரிசெய்ய முடிவதே இவ்வண்டியை வைத்திருப்பதன் முதன்மையான இன்பமாகக் கருதப்படுகிறது.

சட்ட நிலை

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து மூல வடிவில் பேணப்படும் வண்டியைத் தொன்மை ஊர்தியாகப் பதியலாம். அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை. பொதுவான பதிவில் தொடர்வோர், 15 ஆண்டுகளுக்குப் பின் தகுதிச் சோதனையுடன் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். ஆகவே பழைய புல்லட்டைக் காட்சிப் பொருளாகப் பேணுவதா, நாள்தோறும் ஓட்டுவதா என்பதை உரிமையாளர் முடிவு செய்ய வேண்டியுள்ளது.