சகலமானவர்களுக்கும்

எங்கள் ஊரில் தண்டோரா போடுபவர் முதலில் பிள்ளையார் கோயில் முக்கில் நின்று தப்பை நாலு தட்டு தட்டுவார். பிறகு, "இதனால சகலமானவர்களுக்கும் அறிவிக்கிறது என்னன்னா..." என்று ஆரம்பிப்பார். ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கும். வீட்டு வரி கட்டக் கடைசித் தேதி நெருங்கியிருக்கும். இல்லையென்றால் ஏரி மீன் ஏலம். சின்னப் பசங்க நாங்கள் அவர் பின்னாலேயே தெருத் தெருவாக ஓடுவோம். அவருக்கு என் தாத்தா வயசு. ஆனால் நாங்கள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம், அதுவும் ஒருமையில். பெரியவர்களைப் பேர் சொல்லக் கூடாது என்று முதுகில் ரெண்டு வைத்துச் சொல்லிக்கொடுத்த அதே வீட்டில், இதை மட்டும் யாரும் தப்பென்று சொல்லவில்லை.

2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தண்டோராவுக்குத் தடை வந்தது. அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகு தண்டோரா தேவையில்லை, வண்டிகளில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பது அதன் சாரம். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, "அடடா, அந்தச் சத்தம் இனி கேட்காதா" என்பதுதான். அடுத்த நிமிஷம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சத்தம் என் நினைவில் இருக்கிறது. அந்தத் தப்பைத் தூக்கி நடந்தவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஊருக்கு அறிவிப்பது நம்மிடம் ரொம்பப் பழைய வேலை. மணிமேகலையின் முதல் காதையே ஒரு பொது அறிவிப்புதான். இந்திர விழா வருகிறது என்று யானை மேல் முரசை ஏற்றிப் புகார் நகருக்குச் சொல்கிறார்கள். தெருவில் பழைய மணலை மாற்றிப் புது மணல் போடுங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள், சமயவாதிகள் மண்டபத்தில் உட்கார்ந்து முறையாக வாதம் செய்யுங்கள், 28 நாளும் பகைவரிடம்கூடச் சண்டைக்குப் போகாமல் விலகிவிடுங்கள் என்று நீளும் அறிவிப்பு அது. இன்றைய நகராட்சி சுற்றறிக்கைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. முரசறைபவனைத் தொன்மையான குடியில் பிறந்தவன் என்று மரியாதையோடுதான் காப்பியம் அறிமுகம் செய்கிறது.

அங்கிருந்து சில நூற்றாண்டுகள் தாண்டி உத்திரமேரூருக்கு வருவோம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வேலைக்கு ஒரு குழு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இந்த விதியைப் படித்துவிட்டு இன்றைய ஊராட்சிகளை நினைத்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

ஆனால் அதே கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது. நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட பிரம்மதேய ஊர். அந்தச் சபையும் அவர்களுடையது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்களின் வரியில்லா நிலங்களை வரிசைப்படுத்தும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. நிலக்கணக்கில் சேரி இருக்கிறது, குடத்துக்குள் போன ஓலைகளில் இல்லை. நம் பள்ளிப் புத்தகம் முதல் பாதியைச் சொல்லிவிட்டு மணி அடித்துவிடும்.

ஆங்கிலேயர் வந்து எல்லாவற்றையும் காகிதத்துக்கு மாற்றினார்கள். பறையை மட்டும் விடவில்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒருவருடைய நிலத்தை நீதிமன்றம் ஜப்தி செய்தால், அந்த ஆணையை அந்த இடத்திலோ பக்கத்திலோ பறையடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்கிறது. அடித்தவர் யார், அவருக்கு என்ன கூலி, அவரால் மறுக்க முடியுமா என்பதைப் பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தை கிடையாது. அதை ஊர் பார்த்துக்கொண்டது.

காகிதம் ஒட்டப்படும் இடத்துக்குப் போவதே பலருக்குப் பிரச்சினையாக இருந்தது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் எங்கேயும் எந்த மனிதரும் போவதற்குத் தடை கூடாது என்பது அதன் உள்ளடக்கம். அலுவலகச் சுவரில் எல்லோருக்கும் என்று ஒரு நோட்டீஸ் தொங்குகிறது. அதன் முன்னால் போய் நிற்கத் தனியாக ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரையாக வந்த கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஊர்க் கணக்கு ஒரே குடும்பத்தின் பரண் மேல் இருந்த காலம் முடிந்தது. தப்பு மட்டும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு கிடைத்தது. 1996இல் தேர்தல் அறிவிப்பும் முறைப்படி வெளியானது. ஆனால் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை அந்த அறிவிப்பு நிலைக்கவில்லை. மனு போட ஆள் வரவிடாமல் செய்வது, ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்யவைப்பது என்று பத்து வருஷம் ஓடியது. அதே மாவட்டத்து மேலவளவில் ஜெயித்துப் பதவியேற்ற முருகேசன் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

இதையெல்லாம் படித்தபோது என் வேலைதான் ஞாபகம் வந்தது. நான் செல்போனுக்கு அறிவிப்பு அனுப்பும் மென்பொருளில் வேலை பார்க்கிறேன். சர்வர் 'போய்ச் சேர்ந்தது' என்று சொன்னால் எங்கள் பொறுப்பு முடிந்தது. அந்தப் பக்கம் யார், படித்தாரா, படித்து என்ன செய்ய முடியும் என்பது எங்கள் கணக்கில் வராது. ஜப்திக்குப் பறையடிக்கச் சொன்ன சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் யோசித்திருக்கிறது.

தடையை விமர்சிப்பவர்கள், பறை நம் கலை என்கிறார்கள். கலைதான். இன்று சென்னையில் என் அலுவலக நண்பர்களே வார இறுதியில் பறை கற்கிறார்கள். ஆனால் அவர்கள் கசந்தால் நிறுத்திவிடலாம். எங்கள் ஊர்க்காரரால் நிறுத்தியிருக்க முடியுமா?

இப்போது கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மதச்சார்புள்ள வளாகத்தில் கூட்டம் நடத்தக் கூடாது என்று அரசு அறிவுறுத்துகிறது. உத்திரமேரூரின் நினைவோடு படித்தால் அது எவ்வளவு பெரிய வரி என்று புரியும்.

போன மே 1 அன்று நான் ஊரில் இருந்தேன். நோட்டீஸ் வாட்ஸப் குழுவில் வந்திருந்தது. கூட்டம் காலனிப் பள்ளிக்கூடத்தில்.

"அங்கயா வச்சிருக்காங்க?" என்றார் அம்மா. "சரி, நீ வேணா போயிட்டு வா."

முப்பது வயசு தாண்டி, முதல் தடவையாக அந்தத் தெருவுக்குள் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். தண்டோரா போட்டவரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தபோதுதான் தெரிந்தது, என்னிடம் இருந்தது அந்த வெறும் பேர் மட்டும்தான். தடுமாறி, "தண்டோரா போடுவாரே, அந்தத் தாத்தா..." என்றேன்.

"எங்க மாமனாரையா கேக்குறீங்க? அவரு போயி ஒம்பது வருசம் ஆச்சே."

"எங்க தெருவுல எல்லாம் தட்டிட்டு, இங்க எப்பம்மா வந்து தட்டுவாரு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இங்க எதுக்குத் தட்டணும்? ராத்திரி சாப்புட உக்காரும்போது சொல்லுவாரு. நாங்க பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவோம்."

பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டே கேட்டார். "இன்னைக்கும் கையெழுத்து மட்டும் வாங்கிட்டு அனுப்பிருவாங்களா தம்பி? இல்ல, தண்ணி வராததப் பத்திப் பேசலாமா?"

"பேசலாம்மா. அதுக்குத்தான் கூட்டமே" என்றேன். நான் போன முதல் கிராம சபையும் அதுதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.