பன்னிரண்டு ஆண்டுப் பசி

திசையன்விளையிலிருந்து உவரிக்குப் போகும் வழியில், பனம்பழக் காலத்தில், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கரிய பழங்களைக் கண்டவர்களுக்கு மணிமேகலையில் வரும் ஓர் உவமை சட்டென்று பிடிபடும். விருச்சிகன் என்னும் முனிவன் வைத்திருந்த நாவற்பழம் எத்தனை பெரியது என்று சொல்ல வந்த சாத்தனார், அதைப் பனையின் கருங்கனியோடு ஒப்பிடுகிறார். கதை நடக்கும் இடம் பொதியில் மலை, ஒரு சிற்றாற்றங்கரை. நம் தாமிரபரணி பிறக்கிற அதே மலை. புகாரில் நடக்கும் காப்பியத்தில் நம் பக்கத்து மண் எட்டிப்பார்க்கிற இடங்களுள் ஒன்று இது. அந்த இடத்தில் பேசப்படுவது ஒரு பெண்ணின் உணவு என்பதால் இக்கட்டுரையை அங்கிருந்து தொடங்குகிறோம்.

காயசண்டிகை வித்தியாதரப் பெண். கணவன் காஞ்சனனோடு பொதியிலைக் காண வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பழுக்கும் அந்தக் கனியைத் தேக்கிலையில் வைத்துவிட்டு முனிவன் நீராடச் சென்றிருக்கிறான். செருக்கோடு வந்த அவள் அதைக் காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருநாள் மட்டுமே உண்ணும் நோன்புடையவன் அவன். அந்த ஒருநாளும் போயிற்று. அடுத்த கனி பழுத்துத் தான் உண்ணும் நாள்வரை நீயும் பசியோடு கிட என்று சபிக்கிறான். அன்று பற்றிய பசிக்கு யானைத்தீ என்று பெயர். கணவன் கொண்டுவந்து குவித்த காயும் கனியும் கிழங்கும் அதை அணைக்கவில்லை. எத்தனை தின்றாலும் அடங்காத அந்த நோயோடு அவள் புகார் வந்து சேர்கிறாள்.

கதையை நீதிக்கதையாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் உண்ணாமலிருப்பது அவனுக்குத் தவம். அதே பன்னிரண்டு ஆண்டுகள் உண்டும் அடங்காமலிருப்பது அவளுக்குச் சாபம். கணக்கு ஒன்றுதான், பெயர்கள்தாம் வேறு. உணவை அடக்கி ஆள்கிறவருக்கு மரியாதை, உணவால் ஆளப்படுகிறவருக்கு இகழ்ச்சி என்ற இந்தப் பாகுபாடு சாத்தனாருக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது.

மருத்துவம் இந்த இரு நிலைகளையும் நோயாகப் பெயரிட்டது மிகப் பிந்தித்தான். 1873இல் பாரிஸில் லாசேகும் லண்டனில் வில்லியம் கல்லும், உண்ண மறுத்து மெலிந்துபோகும் இளம்பெண்களைப் பற்றித் தனித்தனியே எழுதினர். கல் அதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டார். 'பசியின்மை' என்று பொருள்படும் அந்தப் பெயரே பொருந்தாப் பெயர். அப்பெண்களுக்குப் பசி இல்லாமலில்லை; பசியோடு போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அளவின்றி உண்டு, பிறகு வாந்தியெடுத்தோ பட்டினி கிடந்தோ அதை ஈடுகட்டும் நிலைக்கு 1979இல் ஜெரால்ட் ரசல் புலிமியா நெர்வோசா என்று பெயர் வைத்தார். காயசண்டிகைக்கு இந்த நோய் இருந்தது என்று சொல்ல நாம் வரவில்லை. காப்பிய மாந்தருக்கு மருந்துச்சீட்டு எழுதுவது நம் வேலையுமல்ல.

அந்த வேலையைச் செய்தவர்களும் உண்டு. 1985இல் ருடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் 261 இத்தாலியத் துறவுப் பெண்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆராய்ந்து, 'புனித அனோரெக்சியா' என்ற நூலை எழுதினார். 1380இல் இறந்த சியன்னா நகரத்துக் கத்தரீன் அதன் நாயகி. இரண்டு ஆண்டுகள் கழித்து கரோலின் வாக்கர் பைனம் இதை வேறு கோணத்தில் அணுகினார். இடைக்காலப் பெண்ணின் கையிலிருந்த ஒரே அதிகாரம் உணவுதான். சமைப்பதும் பரிமாறுவதும் பகிர்வதும் மறுப்பதும் அவளுடைய மொழி. அதை வெறும் நோயாகச் சுருக்கினால் அவள் சொன்னது காதில் விழாமலே போகும் என்றார். பைனம் பக்கமே நாம் நிற்கிறோம். காரணம், காரைக்கால் அம்மையார்.

அம்மையாரின் எலும்புருவைச் சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். (அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று இன்று அமெரிக்காவின் கான்சஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மவர் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.) ஒட்டிய கன்னம், வற்றிய மார்பு, துருத்திய நரம்பு. இப்படத்தை மட்டும் பார்த்து உண்ணாநோயின் தமிழ் முன்னோடி என்று சொல்லிவிடும் ஆசை எழும். ஆனால் சேக்கிழார் சொல்லும் கதையில் அவர் பட்டினி கிடக்கவேயில்லை. அது உணவு நிறைந்த கதை. மாங்கனியும் சோறும் அடியாருக்கு இடும் அமுதும் நிரம்பிய வீடு அது. கணவன் பரமதத்தன் அவரை அஞ்சி விலகி, வேறு மணம் செய்துகொண்டு, இறுதியில் காலிலும் விழுந்தபின், அவனுக்காகச் சுமந்த இந்தத் தசை இனி வேண்டாம் என்று கேட்டு ஒரு கணத்தில் உதறுகிறார். அதன்பின் தம்மைப் பேய் என்று தாமே அழைத்துக்கொண்டு பாடுகிறார். அந்த உடம்புக்குக் குரல் இருந்தது.

இன்று ஓர் உள்ளறையில், தட்டை ஒதுக்கிவிட்டு "எனக்குப் பசிக்கல" என்று சொல்லும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு இல்லாதது அந்தக் குரல்தான்.

அவளை விளங்கிக்கொள்ள நமக்கு அதிகம் உதவியவர் ஹில்டா புரூக். ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் பணியாற்றிய இம்மருத்துவர் 1978இல் 'பொற்கூண்டு' என்ற நூலை எழுதினார். அவரிடம் வந்தவர்கள் வீட்டுக்குத் தொல்லை தராத பெண்கள். சொன்னதைக் கேட்டு, முதலிடம் வாங்கி, யாரையும் எதிர்த்துப் பேசாமல் வளர்ந்தவர்கள். பிறர் தேவையை முகம் பார்த்தே அறியப் பழகிய அவர்களுக்குத் தம் உடம்புக்குள் எழுவது பசியா, கோபமா, துக்கமா என்று பிரித்தறியத் தெரியவில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பிடிபடாத உணர்ச்சியை அடக்க, பிடிபடும் ஒன்றை அடக்குகிறார்கள். தட்டில் இருப்பதை எண்ணலாம், குறைக்கலாம், நேற்றைவிட இன்று மேல் என்று தமக்குத் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம்.

மதிப்பெண் என்றதும் நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பிளஸ் டூ தேர்வில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல்தான் தமிழக அரசு நிறுத்தியது. அதுவரை ஒவ்வொரு மே மாதமும் தாய்தந்தை இனிப்பு ஊட்டும் நிழற்படம் நாளிதழ்களில் வந்தது. ஊட்டப்படும் அந்த லட்டு அந்தப் பெண்ணுக்கு என்னவாக இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. பட்டியல் நின்றது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவளிடம் மீதி இரண்டைப் பற்றிக் கேட்கும் வழக்கம் நிற்கவில்லை.

பள்ளிக்கு முன்பே பாடம் தொடங்கிவிடுகிறது. பெண்ணுக்கு உணவைச் சுருக்குவதே அழகு என்னும் கருத்தை, உகர எழுத்தைக் கற்பிக்கும் சாக்கில் ஔவையின் கொன்றைவேந்தன் சொல்லிக் கொடுக்கிறது. அரும்பெரும் நூல்தான், அந்த ஓர் அடியை மட்டும் மன்னிக்க நமக்கு மனமில்லை. அதே ஔவையின் பெயரால் நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் பெண்கள் நோற்கும் நோன்போ நேர்மாறானது. "அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி" என்று மாதம் குறித்து, செவ்வாய்க்கிழமை இரவில், ஆண்கள் உறங்கியபின் கூடி, உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்து, கதை சொல்லி, சேர்ந்து தின்பார்கள். ஆண்பிள்ளைக் குழந்தைக்குக்கூட அதில் பங்கில்லை. நம் பாட்டிமார் விரதம் இருந்தார்கள், அதனால் உண்ணாமை நம் மரபு என்று பேசுகிறவர்கள் இந்த இரவை மறந்துவிடுகிறார்கள். அந்த நோன்பு முடிவது தோழியர் நடுவே, உணவோடு. உண்ணாநோயோ தனிமையில் நடப்பது. பாரணை இல்லாத விரதம் அது. முடியாத விரதத்துக்கும் நம் கரையில் ஒரு தொன்மம் இருக்கிறது: திருமணம் தடைப்பட்டதால் சமைக்கப்படாமல் போன அரிசியே குமரிமுனையின் மணலாயிற்று என்பார்கள். நின்றுபோன கல்யாணத்தின் துயரம் அங்கே வேகாத அரிசியாகக் கிடக்கிறது.

பட்டினி தானே மனத்தை மாற்றும் என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. 1944-45இல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் மனமொப்பி முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு கவளத்தை நெடுநேரம் அளைந்தார்கள், சிடுசிடுத்தார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள். ஆகவே "பிடிவாதக்காரி" என்று வீட்டார் சொல்லும் குணத்தில் ஒரு பகுதி அவள் குணமே அல்ல, பசியின் குணம்.

இது மேலைநாட்டுச் செல்வர் வீட்டு நோய் என்ற எண்ணம் நீண்டகாலம் இருந்தது. 1990களில் சென்னையில் சீனிவாசன், சுரேஷ், ஜெயராம் முதலிய மருத்துவர்கள் மாணவரிடையே ஆராய்ந்து, முழுநோயை எட்டாத ஆனால் துன்பம் தரும் உணவுக் குழப்பம் இங்கே இருப்பதைக் காட்டினார்கள். ஹாங்காங்கில் சிங் லீ, தம்மிடம் வந்த பெண்களில் பலர் பருமனுக்கு அஞ்சியவர்களே அல்லர், வயிறு உப்புகிறது, இறங்கவில்லை என்றே சொன்னார்கள் என்று எழுதினார். நம் ஊர்ப்பக்கம் இதற்கு ஒரு பெயர் ஆயத்தமாக இருக்கிறது: அல்சர். அந்தப் பெயரோடு குடல்நோக்கிச் சோதனைவரை போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. மெலிந்து வெறித்த பார்வையோடு இருந்தால் பேய் என்று உவரிக்கோ புளியம்பட்டிக்கோ அந்தோணியாரிடம் அழைத்துப்போவதும் உண்டு. நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாதவிடாய் நின்று, நாடி தளர்ந்து, உப்புச்சத்துக் குறைந்து இதயம் நின்றுபோகக்கூடிய நோய் இது. மனநோய்களுள் உயிர்ச்சேதம் மிகுந்தவற்றில் ஒன்று. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

கல்லின் காலத்தில், குடும்பத்திலிருந்து பெண்ணைப் பிரிப்பதே சிகிச்சையின் முதற்படியாக இருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் அது தலைகீழாயிற்று. பழிக்காமல், கெஞ்சாமல், வேளைதோறும் பெற்றோரே உடனமர்ந்து உண்ணச் செய்யும் முறையை அங்கே வகுத்தார்கள். பருவவயதுப் பெண்களிடம் நல்ல பலன் கண்ட முறை இது.

மறுபடி புகாருக்கு. மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்துவிட்டது, ஆனால் காலியாக. முதற்பிச்சை யாரிடம் ஏற்பது என்று தெரியவில்லை. ஆதிரையின் வீட்டைக் காட்டி, அவள் கையால் வாங்கு என்று சொல்பவள் காயசண்டிகை. ஆதிரை இட்ட சோறு பெருகுகிறது. அதிலிருந்து ஒரு பிடியை மணிமேகலை காயசண்டிகையின் கையில் வைக்கிறாள். யானைத்தீ அவிகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக எந்த உணவும் போதாதிருந்த அவளுக்குத்தான், எந்த வீட்டுச் சோறு போதும் என்று தெரிந்திருந்தது.